ஷிப்டன் மாளிகையின் உயில்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயரில், ஹாலிஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ஷிப்டன் மாளிகை இருக்கிறது. 1420 வாக்கில் கட்டியது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் லிஸ்டர் குடும்பத்தார் அதை ஆண்டார்கள்.

1813-இல் அந்த வீட்டு வாரிசான சாமுவேல், ராணுவத்தில் இருந்தபோது அயர்லாந்தில் நீரில் மூழ்கி இறந்தான். மிஞ்சியது அக்கா ஆன் லிஸ்டரும் தங்கை மரியனும். அந்தக் காலச் சட்டப்படி, கல்யாணம் ஆனதும் பெண்ணின் சொத்து புருஷன் பிடிக்குள் போய்விடும். "நான் கல்யாணமே செய்துகொள்ளப் போவதில்லை" என்ற ஆனின் உறுதி, பெரியப்பா ஜேம்ஸுக்குப் பிடித்துப்போனது. சொத்து சிதறாதே! 1826-இல் அவர் இறந்ததும் ஷிப்டன் ஆனிடம் வந்தது. முழு உரிமை 1836-இல்தான்.

ஏன் கல்யாணம் வேண்டாம்? பதில் அவர் நாட்குறிப்பில் இருக்கிறது. சுமார் 50 லட்சம் சொற்கள். அதில் ஆறில் ஒரு பங்கு, கிரேக்க எழுத்தையும் கணிதக் குறியையும் கலந்து உண்டாக்கிய சங்கேதத்தில் எழுதியது. பெண்கள்மேல் தமக்கிருந்த காதலையெல்லாம் அதில்தான் எழுதிவைத்தார். 1834 ஈஸ்டரன்று, யார்க் நகரத் தேவாலயம் ஒன்றில், பக்கத்து எஸ்டேட்டின் வாரிசான ஆன் வாக்கரோடு சேர்ந்து நற்கருணை, அதாவது வழிபாட்டில் தரும் அப்பமும் திராட்சை ரசமும், வாங்கினார். இருவருக்கும் அதுதான் கல்யாணம்.

1840-இல் பயணம் போன இடத்தில், காகசஸ் மலைப்பகுதியில் உள்ள ஜார்ஜியாவில், ஆன் லிஸ்டர் காய்ச்சலில் இறந்தார். வாக்கர் உடலை ஊருக்குக் கொண்டுவந்தார்; அடக்கம் நடக்க ஏழு மாதமானது. உயிலில் ஷிப்டன், வாக்கருக்கு ஆயுள் உரிமை. ஆனால் அவர் கல்யாணம் செய்துகொண்டால் அது போய்விடும்! சொத்து கணவன் பிடிக்குள் போய்விடுமோ என்று அஞ்சி எழுதிய நிபந்தனைதான். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமையும் தெரிகிறது. 1843-இல் வாக்கருக்கு மனநிலை சரியில்லை என்று முடிவுகட்டி, யார்க்கில் ஒரு காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். 1854-இல் அவர் இறந்ததும் வீடு தூரத்து லிஸ்டர்களிடம் போனது.

அப்புறம் வந்தவர் ஜான் லிஸ்டர். 1890-களில் நண்பர் ஆர்தர் பர்ரெலோடு உட்கார்ந்து சங்கேதத்தை உடைத்தார். படித்ததும் பர்ரெல் பதறி, எரித்துவிடச் சொன்னார். ஆண்களோடு உறவு வைத்ததற்காக எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டைச் சிறைக்கு அனுப்பிய காலம் அது, பயம் புரிகிறது. ஜான் எரிக்கவில்லை, சுவரின் மரப்பலகைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். அதற்கு அவரை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

கடைசியில் கடன் ஜானை விழுங்கியது. ஒரு நண்பர் நிலத்தை வாங்கி ஊருக்கே கொடுத்ததால், 1933-இல் சாகும்வரை ஜானால் அங்கேயே இருக்க முடிந்தது. வாரிசு இல்லை. சங்கேதத்தின் திறவுகோல் எப்படி ஹாலிஃபாக்ஸ் நூலகத்துக்கு வந்தது என்கிறீர்களா? எரிக்கச் சொன்ன பர்ரெலே கொடுத்தார். நன்றி, வணக்கம்.