பொறி தட்டினால் என்ன செய்வது?

எழுத வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கரு எங்கே கிடைக்கும்?" என்பதுதான். கருவுக்குப் பஞ்சமே இல்லை. கண்ணைத் திறந்து வைத்திருந்தால் ஒரு நாளைக்கு நாலைந்து தட்டுப்படும். தட்டுப்பட்டது தங்குவதில்லை, சிக்கல் அங்கேதான். இன்றைக்கு அதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1816இல் 'குப்ளா கான்' கவிதையை அச்சிட்டபோது முன்னுரையில் ஒரு கதை சொன்னார். மருந்து சாப்பிட்டுக் கண்ணயர்ந்தாராம், தூக்கத்திலேயே இருநூறு முந்நூறு வரி வந்ததாம். எழுந்து எழுதிக்கொண்டிருக்கும்போது போர்லாக் என்ற ஊரிலிருந்து ஒரு ஆள் ஏதோ வேலையாக வந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்தால் மிச்சம் போயே போய்விட்டது. நமக்குக் கிடைத்தது 54 வரி. இதே கவிதையின் கையெழுத்துப் பிரதி ஒன்றும் இருக்கிறது. அதற்கும் அச்சுக்கும் பல இடங்களில் சொல் மாறுகிறது. கனவில் வந்ததைக்கூட மனிதர் உட்கார்ந்து திருத்தியிருக்கிறார்! போர்லாக் ஆள் நமக்குச் சட்டைப்பையிலேயே இருக்கிறார். குறிப்பு எழுதப் போனைத் திறக்கிறோம், வாட்ஸ்அப்பில் மூன்று செய்தி நிற்கிறது, அவ்வளவுதான்.

பொறி எப்போது தட்டும்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. உட்கார்ந்திருப்பதைவிட நடக்கும்போது புதுப்புது யோசனைகள் அதிகம் வந்தன. வெறும் சுவரைப் பார்த்து டிரெட்மில்லில் நடந்தபோதும் அப்படித்தான். ஆனால் ஒரே ஒரு சரியான விடையைத் தேடும் வேலையில் நடந்தவர்கள் கொஞ்சம் பின்தங்கினார்கள். அதனால் கதைக்குக் கரு தேட நடங்கள். வாக்கியத்தைத் திருத்த உட்காருங்கள்.

இன்னொன்று அரைத்தூக்கம். 2021இல் பாரிஸ் ஆய்வாளர்கள் 103 பேருக்கு ஒரு எண் புதிர் கொடுத்து, நடுவில் 20 நிமிடம் இருட்டில் சாய்ந்திருக்கச் சொன்னார்கள். தூக்கத்தின் முதல் படியில் 15 நொடியாவது இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் புதிரின் மறைவிதியைக் கண்டுபிடித்தார்கள். விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம். ஆழ்ந்து போனவர்களில் 14தான். எண் புதிருக்குச் சரியானது கதைக்கும் சரி என்று அடித்துச் சொல்ல முடியாது. முயன்று பார்க்கச் செலவில்லை. சாய்வு நாற்காலியில் ஒரு எவர்சில்வர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுங்கள். தூக்கம் ஆழமாகும்போது பிடி தளர்ந்து விழும். கீழே பாய் கிடக்கக் கூடாது, சத்தம் கேட்க வேண்டும். விழித்ததும் விளக்கு போடாமல் பென்சிலால் எழுதுங்கள். இடது கட்டைவிரலை வரியின் தொடக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு விரற்கடை கீழே இறக்கினால் எழுத்தின் மேல் எழுத்து ஏறாது.

இனிக் குறிப்பு. பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடம் இது. "மப்சல் பஸ்ஸில் ஒரு பாட்டி, பரிதாபம்" என்று எழுதி வைப்பார்கள். மூன்று வாரம் கழித்துப் படித்தால் எந்தப் பாட்டி, என்ன பரிதாபம், ஒன்றும் விளங்காது. பரிதாபம் என்பது நீங்கள் எடுத்த முடிவு. முடிவை விட்டுவிட்டுக் கண்டதை எழுதுங்கள். "பாட்டி நூறு ரூபாய் நீட்டினார். கண்டக்டர் மீதி 62 என்று டிக்கெட் பின்னால் எழுதிக் கொடுத்தார். ஊர் வந்தும் பாட்டி படியில் நிற்கிறார், டிரைவர் ஹாரன் அடிக்கிறார்." மூன்றே வரி. பேச்சு காதில் விழுந்தால் பேசியபடியே எழுதுங்கள். இலக்கணம் பார்த்துச் சுத்தம் செய்தால் ஆள் செத்துவிடுவார்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுளை வாயால் சொல்ல, மாணவர் ஏட்டில் எழுதிக்கொள்வது வழக்கம். நமக்கு மாணவர் இல்லை, ரெக்கார்டர் இருக்கிறது. வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, முதலில் இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அன்று இரவே எழுத்தில் இறக்கிவிட வேண்டும். ஏட்டில் எழுதிய மாணவர் உடனே படித்துக் காட்டுவார், போன் காட்டாது. கேட்காத ஒலிக்கோப்பு நாற்பது சேர்ந்தால் அப்புறம் யாரும் கேட்பதில்லை.

நோட்டுப் புத்தகத்தைவிட அட்டை நல்லது என்பது என் கட்சி. ருஷ்யாவில் பிறந்த நாவலாசிரியர் நபகோவ் தன் பிற்கால நாவல்களையே அட்டைகளில்தான் எழுதினார். எந்தக் காட்சியையும் எந்த வரிசையிலும் எழுதி, பிறகு அடுக்கிக்கொள்ளலாம். ஏ4 அளவுத் தடித்த தாளை நாலாக வெட்டினால் போதும். ஒரு அட்டைக்கு ஒரே சங்கதி, பின்பக்கம் தேதி. இரண்டு சங்கதியை ஒரே அட்டையில் எழுதினால் பிரித்து அடுக்க முடியாது. எழுதுவதற்கு முன்னால் நண்பரிடம் கதையாகச் சொல்லிவிடவும் வேண்டாம். சொல்லி முடித்த திருப்தியிலேயே பலருக்குக் கை ஓய்ந்துவிடுகிறது.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து, இரண்டிரண்டாக உருவிப் பக்கத்தில் வையுங்கள். முக்கால்வாசி ஜோடி ஒட்டாது. பாட்டியின் அட்டையை எடுத்துக்கொள்வோம். அதன் பக்கத்தில் வேறொரு நாள் எழுதியது வந்து விழுகிறது: "காரியம் முடிந்த மறுநாள். சட்டைகளைத் தானம் கொடுக்கும் முன் பைகளைத் துழாவுகிறார்கள்." இப்போது அந்தப் பையிலிருந்து ஒரு பழைய பஸ் டிக்கெட் வருகிறது, பின்னால் 62 என்று எழுதியிருக்கிறது. அது கண்டக்டரின் சட்டையா, பாட்டியின் வீட்டுக்காரர் சட்டையா?