தானியேல் தனியாகப் படிக்கவில்லை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, வாலிபர் விழாவுக்கு வந்திருக்கும் பெரியவர்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். ‘கல்லூரி நாட்களில் விசுவாசத்தைக் காப்பது மன உறுதியா, நல்ல கூட்டுறவா?’ என்பது தலைப்பு. கூட்டுறவே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் வேதாகமத்துத் தானியேலைச் சிங்கக் கெபியில், அதாவது சிங்கங்கள் இருந்த குழியில், நிறுத்தி, “துணைக்கு யார் இருந்தார்கள்?” என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். நடுவர் அவர்களே, கெபிக்குள் போனவர் முதியவர் தானியேல். நேபுகாத்நேச்சார் ராஜாவின் காலத்தில் இளைஞராகப் பாபிலோனுக்குப் போனவர், பின்னால் வந்த தரியு ராஜாவின் காலத்தில்தான் கெபியில் போடப்படுகிறார். அவருடைய கல்லூரி நாட்கள் தானியேல் புத்தகத்தின் முதலாம் அதிகாரத்தில் இருக்கின்றன. அரண்மனையில் மூன்று வருடப் படிப்பு, நம் பட்டப்படிப்பைப் போலவே. கல்தேயரின் எழுத்து, கல்தேயரின் மொழி, ராஜாவின் சாப்பாடு, ராஜாவின் திராட்சரசம். பெயரையும் மாற்றிவிட்டார்கள். அந்த இடத்தில், பத்து நாள் பருப்பும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாரும் என்று கேட்டபோது, தானியேல் தனக்கு மட்டுமா கேட்டார்? எங்களுக்கு என்று கேட்டார். கூடவே நண்பர்கள் அனனியா, மீஷாவேல், அசரியா. அடுத்த அதிகாரத்தில் உயிருக்கே ஆபத்து வருகிறது. ராஜாவிடம் தவணை வாங்கியவர் நேராக வீட்டுக்குப் போய் அந்த மூவரிடமும் சொல்கிறார், ஜெபிக்கச் சொல்லி. அவர் தனியாகப் படிக்கவில்லை ஐயா.

மன உறுதிக்குப் பேதுருவை மிஞ்ச யார் உண்டு? செத்தாலும் தன் குரு இயேசுவை மறுதலிக்க மாட்டேன் என்றவர். அதே இரவில் பிரதான ஆசாரியனின் முற்றத்தில், வேலைக்காரர்கள் மூட்டிய தீயில் அவர்களோடு நின்று குளிர்காய்ந்தார். கேள்வி கேட்டது வாளேந்திய சேவகனா? வாசல் காத்த ஒரு வேலைக்காரப் பெண். கோழி கூவுவதற்குள் மூன்று முறை மறுத்துவிட்டார். நெஞ்சில் உறுதி இருந்தது. நின்ற இடத்தில் துணை இல்லை.

இதை நான் பட்டு அறிந்தவன். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதுரைக்குப் படிக்க வந்தேன். விடுதியில் முதல் இரவு, சாப்பாட்டுத் தட்டின் முன் ஜெபிக்கக் கண்ணை மூடினேன். எதிரே இருந்தவன், “பாஸ்டர் வந்துவிட்டார்” என்றான். மேசை முழுக்கச் சிரித்தது. மறுநாள் முதல், புருவத்தைத் தேய்ப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு ஒரு நொடியில் ஜெபத்தை முடித்தேன். ஒரு வாரத்தில் அந்த நொடியும் போயிற்று. யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது.

என்னை மீட்டவர்கள் இருவர். மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். தட்டை வைத்தார், கைகூப்பினார், நிதானமாக ஜெபித்தார். பிறகு சாப்பிடத் தொடங்காமல் என்னையே பார்த்துக் காத்திருந்தார். ரசம் ஆறிக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடினேன். இன்னொருவன் என் அறைத் தோழன், மேலூர்க்காரன். நெற்றியில் மூன்று விரல் திருநீறு இல்லாமல் வகுப்புக்கு வரமாட்டான். கேலி பேசினால் அழிக்கவும் மாட்டான். சனிக்கிழமை இரவுக் கும்மாளத்துக்குப் பிறகு நான் போர்த்திக்கொண்டு கிடந்த ஒரு ஞாயிறு காலை, போர்வையை இழுத்து, “எழுந்திரு, உனக்குக் கோவிலுக்கு நேரமாகிறது” என்றான். தன் சாமியை மதிக்கத் தெரிந்தவனுக்கு என் ஆராதனையின் அருமையும் தெரிந்திருந்தது. நரிமேட்டுக் கதீட்ரலுக்கு அன்று நான் ஓடித்தான் போனேன்.

வள்ளுவர் இதைத்தான் சொன்னார்:

மனத்து ளதுபோலக் காட்டி ஒருவற்கு
இனத்துள தாகும் அறிவு.

மனத்தில் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அது சேர்ந்த இனத்தில் இருக்கிறது. சிற்றினம் சேராமை அதிகாரத்தின் குறள் இது. எதிரணியினர் ‘கூட்டம்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது’ என்று மூன்று முறை சொன்னார்கள். கெடுக்கும் வலிமை கூட்டத்துக்கு உண்டென்றால், காக்கும் வலிமை மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

1693-இல் ஓரியூரில் விசுவாசத்துக்காகத் தலை கொடுத்த இயேசு சபைக் குரு அருளானந்தரையும் தனி உறுதிக்குச் சாட்சி ஆக்கினார்கள். சாவுக்கு முன் சிறையிலிருந்து அவர் கடிதம் எழுதியது யாருக்கு? தம் சக குருக்களுக்கு.

எதிரணியின் ஒரு கேள்வி மட்டும் கனமானது: “நல்ல நண்பர் கிடைக்காதவன் என்ன செய்வான்?” அதற்கு அந்தப் பையனிடம் பதில் கேட்காதீர்கள், நம்மிடம் கேளுங்கள். அவனுக்கு உறுதி போதவில்லை என்று சொல்லிவிட்டால் நாம் கைகழுவிவிடலாம். அதனால்தான் அந்த வாதத்தை நான் எதிர்க்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி திறக்கும்போது மாட்டுத்தாவணியிலும் ஆரப்பாளையத்திலும் பெட்டியோடு பிள்ளைகள் இறங்குகிறார்கள். முதல் ஞாயிறு நம் ஆலயத்தின் கடைசி பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள். ஆராதனை முடிந்ததும் நாம் நம் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறோம். “தம்பி, எந்த ஊர்? மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்” என்று கேட்க ஆளில்லாத பையன் நான்காம் ஞாயிறு வருவதில்லை. அன்று முற்றத்துத் தீயருகே அவனுக்கு இடம் போட்டுக் கொடுப்பவர்கள் விடுதியில் இருக்கிறார்கள்.

நடுவர் அவர்களே, அந்தக் கடைசி பெஞ்சை ஒருமுறை பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள். நன்றி.