கீமோவுக்கு முன்னால் கேளுங்கள்

வணக்கம். மாடு வைத்திருக்கும் நேயர்கள் கால்நடை மருந்தகத்தில் அந்தக் கேனைப் பார்த்திருப்பீர்கள். மூடியைத் திறந்தால் வெண்புகை எழும். சினை ஊசிக்கான விந்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனுக்குள் கிடக்கும். பெண்ணின் சினைப்பைத் திசுவையும் அதே குளிரில் பல ஆண்டுகள் பத்திரப்படுத்தலாம்.

எதற்காக? புற்றுநோய்க்குத் தரும் கீமோ மருந்துகளில் சில, முக்கியமாக சைக்ளோபாஸ்பமைடு, கருமுட்டைகளையும் சேர்த்து அழித்துவிடும். முட்டைகள் பிறக்கும்போதே உள்ளவை, போனால் போனதுதான். அவற்றில் பெரும்பாலானவை சினைப்பையின் வெளி அடுக்கில் இருப்பது நமக்கு வசதி. வயிற்றில் சிறு துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் அதை எடுத்து, மெல்லிய கீற்றுகளாக்கி உறைய வைப்பார்கள். நோய் குணமான பின் திரும்பப் பொருத்தினால் சில மாதங்களில் மாதவிலக்கு வரத் தொடங்கும். குழந்தை உறுதி என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது, வாய்ப்பு இருக்கிறது.

இதில் ஆட்டுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நம்ம மேச்சேரி ஆடு இல்லை, ஸ்காட்லாந்து செம்மறி ஆடு! எலியில் முன்பே செய்து பார்த்திருந்தார்கள். ஆனால் எலியின் சினைப்பை பொடிசு, மிருதுவானது. ஆட்டினுடையது நம்முடையதைப் போலக் கெட்டி. எடின்பரோவில் ஆய்வாளர் ராஜர் காஸ்டன் குழுவினர் ஆட்டின் திசுவை உறைய வைத்து, அதே ஆட்டுக்குத் திரும்பப் பொருத்தினார்கள். குட்டி பிறந்தது. ஆய்வு வெளியான ஆண்டு 1994. மூன்று வருடம் கழித்து, பெல்ஜியத்தில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணின் திசுவை டாக்டர் ஜாக் டோனே எடுத்து உறைய வைத்தார். அதைத் திரும்பப் பொருத்தியபின், 2004-இல் அந்தப் பெண்ணுக்குப் பெண் குழந்தை. இந்த ஆட்டுக்கதையை நான் சொல்லாத இடமில்லை. புள்ளிவிவரம் சொன்னால் கொட்டாவி விடுகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

வாழப்பாடிப் பக்கத்து அம்மா ஒருவர் கேட்டார்: "எம்புள்ள இன்னும் வயசுக்கே வரலீங்களே, அவகிட்ட என்னத்த எடுப்பீங்க?" நல்ல கேள்வி. முட்டையை மட்டும் உறைய வைக்க, பருவமடைந்திருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாள் ஊசியும் போட வேண்டும். திசுவுக்கு இரண்டும் தேவையில்லை. சிறுமிக்கும் செய்யலாம், சீக்கிரம் முடிக்கலாம்.

ஆனால் கீமோவுக்கு முன்னால் கேட்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், முன்னால். "முதல்ல உசுரு பிழைக்கட்டும்" என்று வீட்டில் அடக்கிவிடுவார்கள். மாமியார் காதுக்குப் போகக்கூடாதென்று மறைப்பவர்களும் உண்டு. டாக்டர் தாமாகச் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே கேளுங்கள்.

செலவைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன். நேரமாகிவிட்டதென்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, ஒன்று மட்டும்: லுகேமியா, அதாவது இரத்தப் புற்றுநோய் என்றால் எடுத்த திசுவிலேயே புற்றணுக்கள் ஒளிந்திருக்கலாம், அதனால் திரும்பப் பொருத்தத் தயங்குவார்கள். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.