காகிதமும் கலரும் மட்டும் போதாது

நேயர்களுக்கு வணக்கம். நான் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவன். அகதிப் பிள்ளைகளுக்கு ஓவியம் என்ன செய்யும் என்று பேச நாகர்கோவில் வானொலி அழைத்திருக்கிறது. இதைப் பற்றி யோசித்தாலே எனக்கு ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற யூத ஓவியப் பெண்மணிதான் நினைவுக்கு வருவார்.

1898இல் வியன்னாவில் பிறந்தவர். ஜெர்மனியில் பாவ்ஹாவ்ஸ் கலைப்பள்ளியில் படித்தவர். அரசியல் காரணமாகக் கைதாகி, விடுதலையானதும் பிராக் நகருக்குத் தப்பி வந்தார். அங்கே நாஜிகளுக்குப் பயந்து ஓடிவந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுத்தார். அவரும் ஊரை விட்டு வந்தவர்தானே!

1942 டிசம்பரில், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அவரைக் கொண்டுபோனார்கள். கையோடு எடுத்துப்போக முடிந்த கொஞ்சச் சாமானில் ஓவியப் பொருட்களையும் சேர்த்துக்கொண்டார். முகாமில் இருந்த பிள்ளைகளுக்கும் வரையச் சொல்லிக்கொடுத்தார். காகிதம் கிடைக்காதபோது ஆபீஸ் படிவங்களின் பின்பக்கம் உதவியது.

‘உன் துக்கத்தை வரை’ என்று அவர் சொல்லவில்லை, பாடம்தான் நடத்தினார். தாளத்துக்கு ஏற்பக் கையை ஓட்டிக் கோடு போடுவது, துண்டுக் காகிதங்களை வெட்டி ஒட்டுவது, பெரிய ஓவியர்களின் படத்தைப் பார்த்து வரைவது. வரைந்ததில் பெயரையும் எழுதச் சொன்னார். ஆட்களை எண்ணாக்கி ரயிலேற்றிய இடத்தில் அது சின்ன விஷயமல்ல. பிள்ளைகள் வீட்டை வரைந்தார்கள், பூவை வரைந்தார்கள். முகாமின் அடுக்குக் கட்டிலை வரைந்தவர்களும் உண்டு.

1944 அக்டோபரில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் அவரைக் கொன்றார்கள். அங்கே கொண்டுபோவதற்கு முன் பிள்ளைகள் வரைந்த சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைத்திருந்தார். அவை இன்று பிராக் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோரும் பிழைக்கவில்லை. அதனால் ‘ஓவியம் குணப்படுத்தியது’ என்று சட்டெனச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பிராகில் அவருக்கு உதவியாக இருந்த மாணவி ஈடித் கிரேமர் 1938இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். வரைவதன் வழியாக மனத்துயரை ஆற்ற முயலும் ஓவிய சிகிச்சை என்ற துறைக்கே முன்னோடிகளில் ஒருவரானார்.

சரி, நம் மாவட்டத்துக்கு வருவோம். பழவிளையிலும் பெருமாள்புரத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று அரசு பெயர் மாற்றியது. ஊரில் இன்னும் ‘கேம்ப்’தான். இன்றைய பிள்ளைகளில் பலர் இங்கேயே பிறந்தவர்கள். போர் அவர்களுக்குப் பாட்டி சொன்ன கதை. அவர்களிடம் ‘போரை வரை’ என்பதும், 2004 சுனாமிக்குப் பிறகு குளச்சல் பக்கத்துப் பிள்ளையிடம் ‘அலையை வரை’ என்பதும் எனக்கு உடன்பாடில்லை. படம் பார்க்க வருகிறவர்களுக்கு அது பிடிக்கலாம். பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அதற்காக எங்கள் வகுப்புகளில் தலைமுறை தலைமுறையாக வரும் இரண்டு மலை, நடுவில் சூரியன் படமும் வேண்டாம்!

முகாமிலேயே போர்டு எழுதுகிறவர், கோலத்தில் கைதேர்ந்தவர் என்று யாராவது இருப்பார்கள். மாலை வகுப்பை அவர்களிடம் கொடுக்கலாம். நன்கொடையாகக் கலர் பெட்டி வாங்கித்தரும் நல்லவர்கள், அந்த ஆசிரியருக்கு மாதச் சம்பளம் தருவதையும் யோசிக்க வேண்டும். பெட்டி சீக்கிரம் தீர்ந்துவிடும். வாரம் தவறாமல் வருகிற ஒரு ஆள்தான் அந்தப் பிள்ளைகளுக்குத் தேவை.

வணக்கம்.