இரவல் சேலையும் இடுப்புக் கந்தையும்
(ஆய்வு அறம் குறித்த கல்லூரிக் கருத்தரங்கு ஒன்றின் தொடக்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர், கல்லூரி முதல்வர் அவர்களே, பல்வேறு பணிகளுக்கு இடையிலும் இந்தக் கருத்தரங்கைத் தொடங்கிவைக்க இசைந்து வந்திருக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர் அவர்களே, அன்பு மேலிட என்னை அறிமுகம் செய்துவைத்த தமிழ்த்துறைத் தலைவர் அவர்களே, பிற கல்லூரிகளிலிருந்து வந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, கல்லூரி நூலகர் அவர்களே, ஆய்வு மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். நூலகர் அவர்களை நான் தனியே விளித்ததற்குக் காரணம் உண்டு. இந்தக் கல்லூரியின் பழைய ஆய்வேடுகளைக் கட்டவிழ்த்துத் தூசி தட்டி, தலைப்பு வாரியாக அடுக்கி, எந்த மாணவர் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும் நிலையில் அவர் வைத்திருக்கிறார். காலையில் முதல்வர் அவர்கள் என்னை அழைத்துச் சென்று அந்த அறையைக் காட்டினார்கள். எத்தனையோ கல்லூரிகளில் நான் பார்க்க ஏங்கிய காட்சி அது. இருவருக்கும் என் நன்றியை இந்த மேடையில் பதிவு செய்கிறேன்.

ஆய்வு அறம் என்ற தலைப்பில் ஐந்து செய்திகளைப் பேசலாம் என்று எண்ணி வந்தேன். முதலாவது, இல்லாத தரவை உண்டாக்குதல். இரண்டாவது, பிறர் எழுத்தைத் தன் எழுத்தாகக் காட்டுதல். மூன்றாவது, உழைக்காதவர் பெயர் கட்டுரையில் ஏறுவது. நான்காவது, பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள். ஐந்தாவது, நமக்குப் பாட்டும் கதையும் சொல்லும் தகவலாளர்களின் இசைவும் உரிமையும். இவை தனித்தனியாகத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான். நம் கிராமத்துப் பெரியவர்கள் ஒரு பழமொழி சொல்வார்கள்: இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம். கந்தையே ஆனாலும் அது அவளுடையது. சொந்தமாகச் சேர்த்த பத்துப் பக்கத் தரவை எறிந்துவிட்டு, இரவல் வாங்கிய இருநூறு பக்கத்தைக் கட்டிக்கொள்ளும் ஆய்வாளரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பழமொழிதான் நினைவுக்கு வருகிறது.

முதல் செய்திக்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது. சண்டிகரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் விஸ்வ ஜித் குப்தா என்ற புதைபடிவவியல் பேராசிரியர் இருந்தார். இமயமலையில் கண்டெடுத்ததாகச் சொல்லிப் புதைபடிவங்களைப் பற்றிக் கால் நூற்றாண்டுக் காலம் நூற்றுக்கணக்கான கட்டுரைகளை வெளியிட்டார். ஆஸ்திரேலியாவின் மக்வாரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டேலன்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கட்டுரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார். இமயமலையில் கிடைத்ததாகச் சொல்லப்பட்டவை, மொராக்கோவிலும் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலும் கிடைக்கும் புதைபடிவங்களாக இருந்தன. ஒரே கல் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கிடைத்ததாகவும் காட்டப்பட்டிருந்தது. 1989ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் டேலன்ட் இதை வெளிப்படுத்தியபோது உலகம் அதிர்ந்தது. இமயமலையின் நிலவியல் வரலாற்றில் எந்தச் செய்தியை நம்புவது, எதைத் தள்ளுவது என்று தெரியாமல் அந்தத் துறையே தடுமாறியது. அந்தக் கட்டுரைகளில் உடன் கையொப்பமிட்டிருந்த அறிஞர்கள் ஏராளம். அவர்களுள் பலர், அஞ்சலில் வந்த கல்லைப் பார்த்தார்களே தவிர, அது கிடைத்த இடத்தைப் பார்த்ததில்லை. உடன் பணியாற்றியவர்களுள் உண்மையைப் பேசத் துணிந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு என் தலை தாழ்ந்த வணக்கம். விசாரணை நடந்தது. ஆனால் அந்தப் பேராசிரியர் ஓய்வு பெறும் வரை அதே பல்கலைக்கழகத்தில்தான் இருந்தார்.

இந்தச் செய்தியை நான் போகும் மேடைகளிலெல்லாம் சொல்கிறேன். டேலன்டால் அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க முடிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், கட்டுரைகளும் அவற்றின் படங்களும் அச்சில் கிடைத்தன என்பதுதான். பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிட அவருக்கு வழி இருந்தது. அந்த வழி தமிழாய்வில் நமக்கு இருக்கிறதா என்பதே என் கேள்வி. அதற்கு வருமுன் இதழ்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

2013ஆம் ஆண்டு ஜான் போஹனன் என்ற அறிவியல் இதழாளர், வேண்டுமென்றே பெரும் பிழைகளை வைத்து எழுதிய ஒரு பொய்க் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன. நம் பல்கலைக்கழக மானியக் குழு, தான் ஏற்பளித்த இதழ்ப் பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்களை நீக்க வேண்டியிருந்தது. பிறகு ‘கேர்’ என்ற புதிய பட்டியல் வந்தது. 2025இல் அதுவும் கைவிடப்பட்டது. பட்டியல் மாறும்போதெல்லாம் அலைக்கழிக்கப்படுபவர் ஆய்வு மாணவர்தான். ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதி கட்டாயப்படுத்தியது. 2022ஆம் ஆண்டு விதியில் அந்தக் கட்டாயம் நீங்கியது. நல்ல முடிவு, வரவேற்கிறேன். ஆனால் ஆசிரியர்களின் நியமனத்திலும் பதவி உயர்விலும் கட்டுரை எண்ணிக்கை இன்னும் கணக்கில் இருக்கிறது. ‘மூன்று நாளில் வெளியீடு, சான்றிதழ் உண்டு’ என்று கைப்பேசிக்கு வரும் விளம்பரம் அதனால்தான் நிற்கவில்லை. மூன்று நாளில் ஒரு கட்டுரையை இரண்டு அறிஞர்கள் படித்துக் கருத்துச் சொல்லிவிட முடியாது என்பது அந்த விளம்பரத்தைப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

இனி என் அனுபவத்தில் வந்த ஒன்று. ஒரு பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம், நாட்டுப்புறப் பாடல்கள் பற்றிய ஓர் ஆய்வேட்டை மதிப்பீட்டுக்காக எனக்கு அனுப்பியிருந்தது. கட்டமைப்பு நன்றாக இருந்தது. முன்னுரை, ஐந்து இயல்கள், முடிவுரை, துணைநூற்பட்டியல், பின்னிணைப்பு என்று எல்லாம் முறையாக இருந்தன. மென்பொருள் தந்த ஒப்புமைச் சான்றிதழும் ஒட்டப்பட்டிருந்தது. பிறர் எழுத்தோடு ஒப்புமை மிகமிகக் குறைவு என்றது அது. தாலாட்டு இயலைப் படித்தபோது ஏதோ ஒன்று உறுத்தியது. பாட்டில் வரும் ஊர்ப்பெயர்கள் ஒரு மாவட்டத்தவை. வட்டார வழக்குச் சொற்கள் இன்னொரு மாவட்டத்தவை. நடவுப் பாடல் இயலிலும் அப்படியே. பிறகு பின்னிணைப்புக்கு வந்தேன். தகவலாளர் பட்டியல் என்று ஒரு பக்கம் நம் ஆய்வேடுகளில் இருக்கும். பெயர், வயது, தொழில், ஊர் என்று நான்கு பத்திகள். அந்தப் பட்டியலில் எழுபத்திரண்டு வயது மூதாட்டி ஒருவரின் பெயர் எனக்கு மிகவும் பழக்கமானதாக இருந்தது. எங்கே பார்த்தேன் என்று இரவெல்லாம் யோசித்தேன். மறுநாள் என் பழைய மாணவர் ஒருவருடைய எம்.ஃபில். ஆய்வேட்டின் படியைப் பரணிலிருந்து இறக்கினேன். தட்டச்சுப் பொறியில் அடித்தது, தாள் பழுப்பேறியிருந்தது. பின்னிணைப்பைத் திருப்பினேன். அதே மூதாட்டி, அதே தொழில், அதே வயது. அவருக்கு அடுத்து வந்த பெயர்களும் அதே வரிசை. ஊர் என்ற பத்தி மட்டும் மாறியிருந்தது. என் மாணவர் அந்த அம்மாவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்தபோது அவருக்கு எழுபத்திரண்டு வயது. அதற்குப் பிறகு ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. காகிதத்தில் அவருக்கு இன்னும் எழுபத்திரண்டு வயதுதான்.

நான் வருத்தத்தோடு மறுப்புக் குறிப்பு எழுதி அனுப்பினேன். என்னைப் பெரிதும் வருத்தியது அந்த மாணவரின் செயல் மட்டும் அன்று. அவர் உண்மையாகவே சில ஊர்களுக்குப் போயிருந்தார். இறுதி இயலில் அவரே திரட்டிய ஏழெட்டுப் பாடல்கள் இருந்தன. அதுவரை எந்தத் தொகுப்பிலும் நான் பார்த்திராத பாடல்கள் அவை. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை இதுதான். அந்தப் பாடல்களை மட்டும் வைத்து அவர் ஒரு நல்ல ஆய்வு செய்திருக்கலாம்.

அந்தச் சான்றிதழ் ஏன் குறைவான ஒப்புமை காட்டியது? இந்த அவையினர் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதி, ஒப்புமை பத்து விழுக்காட்டைத் தாண்டினால் திருத்தி எழுத வேண்டும் என்றும், அறுபதைத் தாண்டினால் பதிவே நீக்கப்படும் என்றும் சொல்கிறது. 2019 முதல் பல்கலைக்கழகங்களுக்கு மென்பொருளும் வழங்கப்படுகிறது. ஆனால் மென்பொருள் தன் கைக்கு எட்டியதைத்தானே ஒப்பிடும்? என் மாணவரின் ஆய்வேடு பரணில் இருந்தது. இணையத்தில் ஏறியவற்றின் நிலையும் பெரிதாக வேறுபடவில்லை. ‘ஷோத்கங்கா’ தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன, அரிய பணி. அங்கே உள்ள தமிழ் ஆய்வேடுகளில் பல, வெறும் படங்களாக வருடப்பட்டவை. இன்னும் பல, பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. பாமினி எழுத்துருவில் அடித்த ஆய்வேட்டில் ‘தமிழ்’ என்று நம் கண்ணுக்குத் தெரியும் சொல், கணினிக்குள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. அதை ஒருவர் ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், மறுபடி அடித்துவிட்டால், மென்பொருளுக்கு அது புத்தம் புதிய எழுத்து. இரண்டும் ஒன்று என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. தமிழக அரசு ஒருங்குறியை 2010ஆம் ஆண்டிலேயே தரமாக அறிவித்துவிட்டது. அதன் பிறகும் பழைய எழுத்துருவில் ஆய்வேடுகளை வாங்கி வைத்தவர்கள் நாம்தான்.

தமிழுக்கு இந்த ஒழுக்கம் புதியதன்று. பவணந்தி முனிவர் முன்னோர் சூத்திரங்களை அப்படியே எடுத்தாண்டார். எடுத்தாளப் போகிறேன் என்பதையும், ஏன் எடுத்தாள்கிறேன் என்பதையும் நன்னூலிலேயே சொல்லிவிட்டு எடுத்தாண்டார். உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, தமக்குக் கிடைத்த ஏட்டுப் பிரதிகளையும் அவற்றை உதவியவர்களையும் முகவுரையில் வரிசைப்படுத்தினார். எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்தப் பட்டியல் இருப்பதால்தான், இன்று ஒருவர் அவர் பதிப்பில் கொண்ட மூல வாசகத்தை மறுத்துப் பேச வேண்டுமானாலும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிகிறது.

நேரம் ஆகிவிட்டதாகத் தலைவர் அவர்கள் குறிப்புத் தந்திருக்கிறார்கள். உழைக்காதவர் பெயர் ஏறுவது பற்றியும் தகவலாளர் உரிமை பற்றியும் பிற்பகல் அமர்வுகளில் என்னைவிடத் தகுதி வாய்ந்தவர்கள் பேச இருக்கிறார்கள். நான் என் வேண்டுகோளுக்கு வந்துவிடுகிறேன். தமிழில் எழுதப்படும் ஒவ்வோர் ஆய்வேடும் ஒருங்குறியில், தேடக்கூடிய வடிவில் மட்டுமே ஏற்கப்பட வேண்டும். பழைய எழுத்துருவில் இருப்பவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுக்கும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பல்கலைக்கழகங்கள் ஆளுக்கொரு சிறு குழுவை அமர்த்தி அந்த வேலையை உடனே தொடங்க வேண்டும். எம்.ஃபில். ஆய்வேடுகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கள ஆய்வுத் தரவு மிகுதியும் புதைந்து கிடப்பது அவற்றில்தான், திருட்டு மிகுதியும் நடப்பதும் அவற்றிலிருந்துதான். அந்தப் பட்டமே இப்போது நிறுத்தப்பட்டுவிட்டதால், இனி அவற்றைப் பாதுகாப்பவர் இல்லை என்ற நிலை வந்துவிடக் கூடாது. குறைந்த அளவு, தகவலாளர் பட்டியல்களையாவது முதலில் தட்டச்சு செய்து பொதுவில் வைக்கலாம். அதைச் செய்திருந்தால், இரவல் சேலை கட்டியவரை வாய்மொழித் தேர்வுக்கு முன்பே, அவருடைய நெறியாளரே தடுத்துத் திருத்தியிருக்க முடியும்.

இந்தக் கோரிக்கைகளை ஒரு தீர்மானமாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். முதல்வர் அவர்களின் இசைவோடு அது பதிவு மேசையில் வைக்கப்பட்டுள்ளது. படித்துப் பார்த்து, உடன்பாடு உள்ளவர்கள் பெயரும் கல்லூரியும் எழுதிக் கையொப்பமிடுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் அதையும் கீழே எழுதுங்கள். மாலையில் ஆட்சிக்குழு உறுப்பினர் அவர்களின் கையில் அதை ஒப்படைப்போம். ஆட்சிக்குழுவின் அடுத்த கூட்டத்தில் அவர்கள் அதை முன்வைக்க வேண்டும் என்று இந்த அவையின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.