பழைய கார் தடையில்லாமல் உருளட்டும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் வருவதில் பெரும்பாலும் பழைய வண்டிகள்தான். மாருதி 800, ஆம்னி, ஜென், சான்ட்ரோ, இண்டிகா. கல்யாணம், காதுகுத்து, வைத்தீஸ்வரன்கோவில், தஞ்சாவூர் ஆஸ்பத்திரி என்று ஒரு குடும்பத்தையே வருடக்கணக்கில் சுமந்த வண்டிகள். விற்க மனம் வராமல் வைத்திருப்பார்கள். எனக்கும் அவற்றை ஓட வைப்பதில்தான் பிரியம். வருகிறவர்கள் சொல்லும் குறை ஒன்றேதான்: "முன்ன மாதிரி மைலேஜ் இல்லைங்க."

நம் ஊரில் அதற்கு இடமே இருக்கக் கூடாது என்பேன். கல்லணையில் கிளம்பிப் பூம்புகார் வரை போங்கள், ஏறி இறங்க ஒரு மலை உண்டா? வாய்க்கால் பாலத்து ஏற்றம்தான் நமக்கு ஏற்றம். இப்படிப்பட்ட சமதளத்தில் ஓடுகிற வண்டி பெட்ரோலை அதிகமாகக் குடித்தால், ஏதோ ஒன்று அதைப் பிடித்து இழுக்கிறது. இஞ்சினில் கை வைக்கும் முன் அது என்ன என்று பாருங்கள்.

பார்ப்பது எப்படி? ஆள் நடமாட்டம் இல்லாத சமமான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். உள்ளே ஒருவர் உட்கார்ந்து பிரேக் மேல் காலை வைக்கத் தயாராக இருக்கட்டும். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, பின்னாலிருந்து தள்ளுங்கள். மாருதி 800 மாதிரி வண்டி ஏறக்குறைய 650 கிலோதான். ஒரு ஆள் தள்ளினாலே நகர வேண்டும். கையை எடுத்த பிறகும் கொஞ்சம் உருள வேண்டும். கையை எடுத்த உடனே நின்றுவிட்டால் கோளாறு சக்கரத்தில் இருக்கிறது.

குடவாசல் பக்கத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் வந்தார். மாருதி 800, கார்புரேட்டர் வண்டி, அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் பழைய கருவி உள்ளது. லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது பதினொன்றுக்கு இறங்கிவிட்டது. வேறு ஒரு பட்டறையில் கார்புரேட்டரைச் சுத்தம் செய்திருக்கிறார்கள், பிளக் மாற்றியிருக்கிறார்கள், பெட்ரோல் குழாயில் மைலேஜ் கூடும் என்று சொல்லி ஒரு காந்தத்தையும் மாட்டிவிட்டிருக்கிறார்கள். மனிதர் பென்ஷன் பணத்தை நிறையவே செலவழித்திருந்தார். மைலேஜ் மட்டும் ஏறவில்லை.

நான் பானட்டைத் திறக்கவில்லை. பட்டறை வாசலில் வைத்துத் தள்ளிப் பார்த்தேன். அசையவே இல்லை. பையன்கள் இரண்டு பேர் கை கொடுத்ததும் நகர்ந்தது, விட்டதும் நின்றது. பின் பக்கம் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் முழுதாக ஒரு சுற்றுக்கூட வரவில்லை. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பிரேக் டிரம்மைக் கழற்றினோம். டிரம்மை உரசி நிறுத்தும் லைனிங் கருகிய வாசனை அப்படியே வந்தது. பிரேக்கை மிதித்தால் லைனிங்கைத் தள்ளுகிற வீல் சிலிண்டருக்குள் துரு. வெளியே வந்த பிஸ்டன் உள்ளே திரும்பவில்லை. லைனிங் எப்போதும் டிரம்மை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. மாட்டை விரட்டிக்கொண்டே மூக்கணாங்கயிற்றையும் இழுத்துப் பிடித்தால் வண்டி எப்படிப் போகும்?

விசாரித்தால், ஐப்பசி கார்த்திகை மழையில் வாசலில் தண்ணீர் நின்றிருக்கிறது. வண்டியை ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே வாரக்கணக்கில் விட்டுவிட்டார்கள். நம் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் நடக்கிறது. மழைக்காலத்தில் வண்டியை ரொம்ப நாள் நிறுத்துவதாக இருந்தால் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வையுங்கள். ஹேண்ட் பிரேக் வேண்டாம். அவருக்கு இரண்டு வீல் சிலிண்டரும் லைனிங்கும் மாற்றி, ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்திக் கொடுத்தோம். அடுத்த மாதம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். மைலேஜ் பதினாறு என்று எழுதியிருந்தார். காந்தத்தை அவரே கழற்றிவிட்டார்.

அந்த நோட்டுப் புத்தகம் உங்கள் வீட்டிலும் இருக்க வேண்டும். பெட்ரோல் முள்ளை நம்பி மைலேஜ் சொல்லாதீர்கள், பழைய வண்டியில் முள் சொல்வது உண்மையாக இருக்காது. ஒரே பெட்ரோல் பங்கில், குழாய் தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். முக்கால் டேங்க் ஓட்டிவிட்டு அதே பங்கில் அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுங்கள். அதுதான் மைலேஜ்.

தள்ளிப் பார்க்க ஆள் இல்லையா? பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் மெதுவாக நிறுத்துங்கள். புறங்கையைச் சக்கரத்தின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். நான்கில் ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன், முதலில் வண்டி உருளுகிறதா என்று பாருங்கள்.

டயர் காற்றும் இதே கதைதான். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் எவ்வளவு காற்று என்று ஒட்டியிருப்பார்கள். இல்லாவிட்டால் கையேட்டில் இருக்கும். காலையில், டயர் ஆறியிருக்கும்போது அந்த அளவுக்குப் பிடியுங்கள். நான்கு டயரிலும் ஒரு பவுண்டு குறைந்தால் 0.2 சதவிகிதம் மைலேஜ் போகும். கேட்கக் கொஞ்சம்தான். ஆனால் பத்துப் பவுண்டு குறைந்த டயரோடு வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

அடுத்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம், தெர்மோஸ்டாட் வால்வு. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு" என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இஞ்சின் தண்ணீர் 80 டிகிரிக்கு மேல் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகாமல் நிறுத்தி வைப்பது அந்த வால்வு. அது இல்லாவிட்டால் இஞ்சின் சூடேறவே நேரமாகும். ஆயில் கெட்டியாகவே இருக்கும். கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்ஷன் வண்டியாக இருந்தால், இஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி ஊற்றிக்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடியும் சூட்டு முள் அடியிலேயே கிடக்கிறதா? உங்கள் வண்டியில் வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள். வண்டி சூடாகிறது என்றால் அதற்குக் காரணம் வேறு. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்பு போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி உள்ளே படிந்திருக்கும். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான் ஊற்ற வேண்டும். அல்லது வெளியே பதர் அடைத்திருக்கும்.

ஆமாம், பதர். அறுவடை நாளில் ரோட்டில் நெல்லும் வைக்கோலும், தைக்கு அப்புறம் உளுந்துச் செடியும் காயப் போட்டிருப்போம். அதன் மேல் ஓட்டி வந்த வண்டியின் ஏர் பில்டரைத் திறந்து பாருங்கள். உமித் தூசும் சுணையும் அப்பியிருக்கும். கார்புரேட்டர் வண்டியில் அது நேராக மைலேஜைத் தின்னும். இன்ஜெக்ஷன் வண்டியில் மைலேஜை விட இழுவைதான் குறையும். எப்படியானாலும் அறுவடை முடிந்ததும் மாற்றிவிடுங்கள். வைக்கோல் அச்சில் சுற்றியிருந்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், சூட்டில் தீப்பிடிக்கும்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஓட்டும் முறை பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். 45 முதல் 55 கிலோமீட்டர் வேகம் பழைய சிறிய காருக்கு நல்லது. ரயில்வே கேட்டில் இஞ்சினை அணைத்துவிடுங்கள், சும்மா நின்றாலே மணிக்கு அரை லிட்டர் போகும். பாலம் இறங்கும்போது மட்டும் இஞ்சினை அணைக்காதீர்கள், நியூட்ரலும் வேண்டாம். அணைத்தால் பிரேக்குக்கு இஞ்சின் தரும் உதவி போய்விடும், நியூட்ரலில் இஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிப்பது போய்விடும். இன்ஜெக்ஷன் வண்டி கியரிலேயே இறங்கினால் பெட்ரோல் தானாக நின்றுவிடும்.

அப்புறம் எத்தனால் கலந்த பெட்ரோல். இருபது சதவிகிதக் கலப்பில் பழைய கார்களுக்கு ஆறேழு சதவிகிதம் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையே சொல்கிறது. அந்த அளவு குறைந்தால் கவலைப்பட வேண்டாம். ஆனால் பெட்ரோல் குழாய்களின் ரப்பர் ஊறி உப்பியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று அடுத்த சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ரப்பர் எத்தனாலைத் தாங்காது. கசிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

வணக்கம்.