பூட்டை இழுத்துப் பார்க்கிறவர்கள்

வரும்போது எல்லோரும் வீட்டைப் பூட்டிவிட்டுத்தானே வந்தீர்கள்? பூட்டியதோடு விடாமல் பூட்டை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தவர்களும் இருப்பீர்கள், நானும் அந்தக் கட்சிதான். ஆங்கிலத் தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் 1651-ல் வெளியிட்ட 'லெவியாதன்' நூலில் இதைத்தான் கேட்கிறார். சட்டம் இருக்கிறது, தண்டிக்க அதிகாரிகள் இருக்கிறார்கள், அப்படியும் படுக்கப் போகும்போது கதவைத் தாழிடுகிறாய், வீட்டுக்குள்ளேயே பெட்டியைப் பூட்டுகிறாய், அப்படியானால் உன் பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் பற்றி நீ என்னதான் நினைக்கிறாய்? மனிதரை நம்ப முடியாது என்று நான் வாயால் சொல்லும் குற்றச்சாட்டை நீ கையால் சொல்கிறாய், அவ்வளவுதானே!

இந்தப் பயம் அவருக்குக் கூடப்பிறந்தது. 1588 ஏப்ரலில், ஸ்பெயின் கப்பற்படை வரப்போகிறது என்று இங்கிலாந்தே நடுங்கிக்கொண்டிருந்தபோது மாம்ஸ்பரி பக்கத்தில் பிறந்தார். "அம்மா பெற்றது இரட்டை, நானும் பயமும்" என்று வயதான பிறகு அவரே பாட்டில் எழுதி வைத்தார். அப்பா பாதிரியார், இன்னொரு பாதிரியாரோடு கைகலப்பாகி ஊரைவிட்டே ஓடிப்போனார். மகனும் ஓடினார், 1640-ல், மன்னருக்கும் பார்லிமென்டுக்கும் முட்டிக்கொண்டபோது பாரிசுக்கு. ஓடியவர்களில் நான்தான் முதல் ஆள் என்று அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்!

அங்கே இருந்துதான் உள்நாட்டுப் போரையும், 1649-ல் மன்னர் சார்லஸின் தலை வெட்டப்பட்டதையும் கேள்விப்பட்டார். எவ்வளவு பலசாலியும் தூங்கித்தானே ஆகவேண்டும், அப்போது நோஞ்சான்கூட அவனைக் கொன்றுவிடலாம். இப்படி ஒருவருக்கொருவர் பயந்து வாழ முடியாது, அதனால் எல்லோரும் தங்கள் உரிமையை ஒரே அதிகாரத்திடம் ஒப்படைத்துவிடுங்கள் என்றார். அந்த நூலின் முகப்புப் படத்தைப் பாருங்கள். மலைக்குப் பின்னால் வாளோடு ஒரு ராட்சத மன்னர், உடம்பில் செதில் செதிலாகக் கவசம் போலத் தெரியும், கண்ணை அருகே கொண்டுபோனால் அத்தனையும் மனிதர்கள், முந்நூறு பேருக்கு மேல், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

சர்வாதிகாரத்துக்கு வக்காலத்து வாங்கியவர் என்று அவரைச் சொல்வதுண்டு. முழுப் பொய்யும் இல்லை, எந்தக் கருத்து பரவலாம் என்பதைக்கூட அரசே முடிவு செய்யட்டும் என்றவர்தானே. ஆனால் 21-ஆம் அத்தியாயத்தில் ஒரு கொல்லைக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். நியாயமாகவே தண்டனை பெற்றவனாக இருந்தாலும் சரி, உன்னை நீயே கொன்றுகொள் என்று அரசு அவனுக்குக் கட்டளையிட்டால் மறுக்கலாம். போர்க்களத்தில் பயந்து ஓடுகிறவன் செய்வது மானக்கேடு, ஆனால் அநியாயம் இல்லை. கோழைக்கும் உரிமை உண்டு என்று இவ்வளவு துணிச்சலாக வேறு யார் எழுதினார்கள்? மன்னர் கட்சியைச் சேர்ந்த பிஷப் பிராம்ஹால் கடுப்பாகி, இது கலகக்காரர்களின் ஞானோபதேசம் என்றார்.

1666-ல் லண்டன் தீக்குப் பிறகு, நாத்திகம் பற்றிய விசாரணையில் பார்லிமென்ட் இந்த நூலையும் இழுத்தது. அதையும் தாண்டி இருந்தார். இரவில் கதவுகளைச் சாத்தி, வெளியே யாருக்கும் கேட்காது என்று உறுதியான பிறகு, படுக்கையில் உரக்கப் பாடுவாராம், குரல் சுமார்தான், நுரையீரலுக்கு நல்லது, ஆயுள் கூடும் என்று நம்பினார் என நண்பர் ஜான் ஆப்ரி எழுதியிருக்கிறார். 1679-ல் இறக்கும்போது வயது 91.